இரண்டாவது கோப்பு

கனடாவில் படிக்க அனுமதி கேட்டு மறுப்பு வந்த வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "உடனே மறுபடி போட்டுடலாமா சார்?" என்பதுதான். சட்டம் தடுக்கவில்லை. இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று விதி கிடையாது, இத்தனை தடவைதான் என்ற கணக்கும் கிடையாது. கட்டணம் 150 கனடா டாலர். கைரேகையும் படமும் ஒருமுறை கொடுத்தால் பத்து வருஷத்துக்குச் செல்லும். அதற்கான 85 டாலரைத் திரும்பக் கட்ட வேண்டியதில்லை. கல்லூரிக் கட்டணத்தோடு வைத்துப் பார்த்தால் இது சின்னத் தொகை. அதனாலேயே மறுப்பு வந்த வாரத்தில், அதே காகிதங்களை அதே வரிசையில், தேதியை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். மறுபடி மறுப்பு வருகிறது, பெரும்பாலும் அதே வாசகங்களோடு.

முன்பு சேர்க்காத புதுத் தகவல் இருந்தால் மட்டும் மறுபடி விண்ணப்பியுங்கள் என்று கனடா குடிவரவுத் துறையே தன் வழிகாட்டுதலில் சொல்கிறது. இந்த வேலையில் நான் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வரியைத்தான். இரண்டாவது கோப்பு என்பது ஓர் அதிகாரிக்கு வந்த சந்தேகத்துக்கு எழுதும் பதில். சந்தேகம் என்னவென்று தெரிந்துகொள்ளாமல் பதில் எழுத உட்காரக் கூடாது.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எனக்கு ஆடிட்டர் அலுவலகம். வருமான வரி, ஜி.எஸ்.டி., சின்னக் கம்பெனிகளின் தணிக்கை என்று போகிற பிழைப்பு. வெளிநாட்டுப் படிப்புக்காகச் சொத்து மதிப்புச் சான்றிதழ் கேட்டு வந்த குடும்பங்கள் வழியாக இந்த வேலையும் வந்து சேர்ந்தது. கனடா குடிவரவு விஷயத்தில் பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லவும், விண்ணப்பதாரர் சார்பில் நிற்கவும், அந்நாட்டு உரிமம் பெற்ற ஆலோசகர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் கியூபெக் நோட்டரிகளுக்கும்தான் உரிமை. அந்த எல்லைக்குள் நான் போவதில்லை. குடும்பத்தின் பணக் கணக்கைக் காகிதத்தில் கொண்டுவருவது என் தொழில், அதற்குத்தான் கட்டணம். மறுப்பைப் படித்துப் புரிந்துகொள்ளப் பிள்ளையோடும் பெற்றோரோடும் உட்காருவது, அக்கம்பக்கத்தில் விவரம் தெரிந்த மனுஷன் செய்ய வேண்டியது.

2018-இல் எஸ்.டி.எஸ். என்ற விரைவு வழி வந்த பிறகு சில வருஷங்களுக்குப் பணத்தைப் பற்றி அதிகம் துருவவில்லை. ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண், முதல் வருஷக் கட்டணம் கட்டிய ரசீது, கனடா வங்கியில் 10,000 டாலர் ஜி.ஐ.சி. வைப்பு இருந்தால் போதும். அந்தக் காலம் முடிந்தது. 2024 ஜனவரி 1 முதல் வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை 20,635 டாலர் ஆனது. அதே மாதம் 22-ஆம் தேதி அப்போதைய குடிவரவு அமைச்சர் மார்க் மில்லர் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு அறிவித்தார். மாகாணத்தின் ஒப்புதல் கடிதமும் வேண்டும் என்றானது. 2024 நவம்பர் 8-இல் எஸ்.டி.எஸ். நிறுத்தப்பட்டது. 2025 செப்டம்பர் 1 முதல் தொகை 22,895 டாலர்; ரூபாயில் 14, 15 லட்சம் வரும், கல்லூரிக் கட்டணமும் விமானச் செலவும் தனி. இந்த மாற்றங்களுக்குச் சற்று முன்பு, 2023-இல் போலிச் சேர்க்கைக் கடிதங்களோடு தொடர்புள்ள சுமார் 1,550 விண்ணப்பங்களைக் கனடா கண்டுபிடித்தது. அதில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து போனவை. இதன் விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. ராய்ட்டர்ஸ் வெளியிட்ட கனடா அரசுத் தரவுப்படி, 2023 ஆகஸ்டில் மறுக்கப்பட்ட இந்திய விண்ணப்பங்கள் சுமார் 32 சதவீதம். 2025 ஆகஸ்டில் 74 சதவீதம்.

யாரோ எங்கேயோ செய்த மோசடிக்காக அடையாறிலும் மந்தைவெளியிலும் ஒழுங்காகப் படித்த பிள்ளைகள் சந்தேகக் கண்ணுக்கு ஆளாகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் நம் கோப்பு போய்ச் சேருவது அந்தக் கண் முன்னால்தான்; அதை நினைவில் வைத்துத்தான் தயாரிக்க வேண்டும்.

மறுப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிற பெற்றோரிடம், அது அச்சு வாசகம் என்று முதலில் சொல்லிவிடுவேன். குடிவரவு விதிகளின் 216(1) பிரிவைக் காட்டி, படிப்புக் காலம் முடிந்ததும் கிளம்பிவிடுவீர்கள் என்று எனக்கு நம்பிக்கை ஏற்படவில்லை என்று இருக்கும். அதன் கீழே, குடும்பப் பிணைப்பு, வருகையின் நோக்கம், சொத்தும் நிதி நிலையும், தற்போதைய வேலை என்று சில காரணங்கள். 220-ஆம் பிரிவு வந்திருந்தால் பணம் போதாது என்று பொருள். ஆயிரம் பேருக்கு இதே வரிகள் போயிருக்கும். உங்கள் பிள்ளையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

பிள்ளையைப் பற்றி இருப்பது அதிகாரியின் குறிப்பில். ஜி.சி.எம்.எஸ். என்ற அவர்களுடைய கணினிப் பதிவில் முடிவெடுத்தவர் நாலைந்து வரி எழுதியிருப்பார். முன்பெல்லாம் டொரொன்டோவில் இருக்கும் யாரையாவது பிடித்து, தகவல் உரிமைச் சட்டப்படி 5 டாலர் கட்டி, வாரக்கணக்கில் காத்திருந்து வாங்குவோம். 2025 ஜூலைக் கடைசியிலிருந்து பல மறுப்புகளுக்குக் கடிதத்தோடேயே குறிப்பும் வருகிறது. இது பெரிய உதவி. வராவிட்டால் கேட்டு வாங்கியே ஆக வேண்டும் என்பேன். "அதுக்கு ஒரு மாசம் ஆகுமே சார், இன்டேக் போயிடுமே" என்பார்கள். போகட்டும், கல்லூரியில் கேட்டால் அடுத்த பருவத்துக்கு மாற்றித் தருவார்கள். குறிப்பைப் பார்க்காமல் போட்ட விண்ணப்பத்துக்கு மறுப்பு வந்தால், அதற்கப்புறம் இரண்டு மறுப்புகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

குறிப்பு வந்ததும் அதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து மேஜையில் வைப்பேன். பக்கத்தில் முதல் கோப்பு, அனுப்பிய வரிசையிலேயே. ஒவ்வொரு வரிக்கும், எந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு இதை எழுதியிருப்பார் என்று தேடுவோம். இதற்கு ஒரு மாலை முழுக்கப் போகும். பெற்றோருக்குப் பொறுமை இருக்காது, "அவங்க படிக்காமலே ரிஜெக்ட் பண்றாங்க சார்" என்பார்கள். சில கோப்புகளில் அது உண்மையாகவும் இருக்கிறது. ஆனால் பாதிக்கு மேல், அவர் எழுதியதற்கான பக்கம் நம் கோப்பிலேயே இருக்கும். அதை நாம்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்போம்.

தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒருவரின் மகனுக்கு வந்த குறிப்பில், தந்தையின் கணக்கில் அண்மையில் பெருந்தொகைகள் வரவாகியிருக்கின்றன, மூலம் விளக்கப்படவில்லை, காட்டிய வருமானத்தோடு பொருந்தவில்லை என்று இருந்தது. வங்கிப் பட்டியலைப் பார்த்தேன். மூன்று மாதமாக இருப்பு ஒரு லட்சத்தைத் தொட்டும் தொடாமலும் போய்க்கொண்டிருந்தது. நாலாவது மாதம் ஒரே வாரத்தில் 5,40,000, 3,00,000, 6,00,000 என்று மூன்று வரவு. வருமான வரிக் கணக்கில் அவருடைய வருஷ வருமானம் எட்டு லட்சத்துக்கும் கீழே. அதிகாரியின் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

ஆனால் அந்த மூன்று தொகைக்கும் நேர்மையான வரலாறு இருந்தது. நம் குடும்பங்களின் சேமிப்பு வங்கிக் கணக்கில் தெரிவதில்லை. சீட்டில் இருக்கும், பீரோவில் நகையாக இருக்கும், எல்.ஐ.சி.யில் இருக்கும், ஊரில் அண்ணன் தம்பி பாகம் பிரிக்காத நிலத்தில் இருக்கும். தேவை வந்ததும் எல்லாம் திரண்டு ஒரு கணக்குக்கு வரும். நமக்கு இது இயல்பு. சம்பளம் மாதாமாதம் விழுந்து மெல்ல ஏறும் இருப்பையே பார்த்துப் பழகியவருக்கு, இது இரவல் பணம் போலத்தான் தெரியும்.

5,40,000 சீட்டுப் பணம். பதிவு பெற்ற கம்பெனியில் மாதம் 15,000 வீதம் 40 மாதச் சீட்டு. 31-ஆவது மாதம் 60,000 தள்ளி எடுத்திருந்தார். 1982-ஆம் வருஷத்துச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானது என்பதற்கான ஒப்பந்தம், பாஸ்புக், எடுத்த அன்று கொடுத்த வவுச்சர், அதே தொகை வங்கியில் ஏறிய வரி ஆகிய நாலையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தேன். மீதி ஒன்பது மாதத் தவணை பாக்கி இருப்பதையும் எழுதினேன். "அதை எதுக்கு சார் நாமளே சொல்லணும்?" என்று அவர் மனைவி பதறினார். சீட்டு 40 மாதம், எடுத்தது 31-ஆவது மாதம் என்றால், மிச்சக் கணக்கைப் போடத் தெரிந்தவர்தான் அந்தப் பக்கம் இருக்கிறார் அம்மா என்றேன். கடனையும் சேர்த்துக் காட்டிய கணக்கைத்தான் யாரும் நம்புவார்கள். இது இந்த வேலைக்கென்று நான் கண்டுபிடித்தது கிடையாது, தணிக்கையின் அரிச்சுவடி.

3,00,000 அந்த அம்மாவுடைய நிதி வைப்பு. மயிலாப்பூர்க்காரர்களுக்கு நிதி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் ஹிந்து பெர்மனென்ட் ஃபண்ட் இன்னும் நம் நடுவில் இருக்கிறது. ஆனால் வைப்பு ரசீதில் வங்கி அல்லாத ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தால் வெளிநாட்டு அதிகாரிக்குத் தயக்கம் வரும். மூன்று வரி போதும்: இது கம்பெனிகள் சட்டம் 2013-இன் 406-ஆம் பிரிவின் கீழ் வரும் நிறுவனம், உறுப்பினர்களிடம் மட்டுமே வைப்பு வாங்கி உறுப்பினர்களுக்கு மட்டுமே கடன் கொடுக்கும், இந்த உறுப்பினர் இந்த வருஷத்திலிருந்து இங்கே வைப்பு வைத்திருக்கிறார். அந்த அம்மாவின் பழைய ரசீதுகள் ஒரு மஞ்சள் பையில் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு முறையும் வட்டியைச் சேர்த்துப் புதுப்பித்திருக்கிறார். அவற்றைத் தேதிவாரியாக அடுக்கியபோது, மகன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்தே அவன் படிப்புக்காக ஒருத்தி சேர்த்துவந்தது பக்கம் பக்கமாகத் தெரிந்தது. எந்தச் சான்றிதழிலும் நான் அதை எழுத முடியாது. ரசீதுகளே சொல்லிவிடும்.

6,00,000 ஓசூரில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பா அனுப்பியது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சொத்து மதிப்புச் சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கேட்டுத்தான் எல்லோரும் வருகிறார்கள். 2019 பிப்ரவரியிலிருந்து நாங்கள் தரும் ஒவ்வொரு சான்றிதழுக்கும் யு.டி.ஐ.என். என்ற 18 இலக்க எண் கட்டாயம். ஆடிட்டர் சங்கத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் அதைச் சரிபார்க்கலாம். அந்த எண்ணுக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் மந்தைவெளி வீடு ஒன்றரைக் கோடி என்று நான் எழுதிக் கொடுப்பதால் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டுவிடாது. "வீட்டை வித்தா படிக்க வைக்கப் போறீங்க?" என்று கேட்பேன். இல்லை என்றால் அது நிதி ஆதாரம் ஆகாது, இந்த ஊரில் வேர் இருக்கிறது என்பதற்கான ஆதாரம். அதற்குரிய இடத்தில் பட்டாவோடும் வில்லங்கச் சான்றிதழோடும் வைக்க வேண்டும். முதல் கோப்புகளில் இந்தச் சான்றிதழை முதல் பக்கத்தில் வைத்து, கையில் இருக்கும் பணத்தைக் கடைசியில் தள்ளியிருப்பார்கள். படிப்புக்கு எந்தப் பணம் எந்த மாதம் போகும் என்பதை அதிகாரி முதலில் பார்க்க வேண்டும்.

வருகையின் நோக்கம் என்ற காரணம் வந்திருந்தால் வேலை பணத்தைவிடக் கடினம். அங்கே என்னிடம் இருப்பது கேள்விகள் மட்டும்தான்.

சாஸ்திரி நகரிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். விவேகானந்தா கல்லூரியில் பி.காம்., பிறகு பாரிமுனையில் ஒரு சுங்கத் தரகு நிறுவனத்தில் நாலு வருஷ வேலை. ஒன்டாரியோவில் ஓர் அரசுக் கல்லூரியில் சப்ளை செயின் மேனேஜ்மென்ட் ஒரு வருஷப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பட்டமும் அனுபவமும் ஏற்கெனவே இருக்கிறது, இந்தப் படிப்பு நியாயமான முன்னேற்றமாகத் தெரியவில்லை, செலவுக்கேற்ற பலன் தெளிவாக இல்லை என்பது அதிகாரியின் குறிப்பு. எஸ்.ஓ.பி. என்று அவன் எழுதியிருந்த படிப்பு நோக்கக் கடிதத்தைப் படித்தேன். கனடாவின் பல்பண்பாட்டுச் சமூகத்துக்கு ஒரு பத்தி, கல்வித் தரத்துக்கு ஒரு பத்தி, தாய்நாட்டுக்குத் திரும்பிவந்து சேவை செய்வேன் என்று ஒரு பத்தி. சுங்கம் என்ற சொல் ஒரே ஓர் இடத்தில். இதே பத்திகளை வேறு பிள்ளைகளின் கோப்பிலும் பார்த்திருக்கிறேன். பெயரும் கல்லூரியும்தான் மாறியிருக்கும்.

அதை மூடிவைத்துவிட்டு, "தம்பி, ஆபீஸ்ல நேத்து என்ன வேலை பார்த்தே, தமிழ்ல சொல்லு" என்றேன். உறைந்த இறால் ஏற்றிய ரீஃபர் கன்டெய்னர் ஒன்று யார்டில் மின் இணைப்புக்குக் காத்திருந்த கதையைச் சொன்னான். மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டிய சரக்கு. காகிதம் தயாராக இருந்தும் பிளக் பாயின்ட் காலியாக இல்லை. வெப்பநிலைப் பதிவில் ஏறிய நாலு டிகிரிக்காக வாங்குகிறவர் சரக்கைத் தள்ளிவிட்டார். யாருடைய பொறுப்பு என்று ஏற்றுமதியாளர், தரகர், கப்பல் கம்பெனி மூவரும் மாற்றி மாற்றிக் கடிதம் எழுதினார்கள். காகித வேலை எனக்குத் தெரியும் சார், சரக்கு நகர்வதைத் திட்டமிடத் தெரியாது, அதனால்தான் இந்தப் படிப்பு என்றான். குளிர்பதனச் சரக்குப் போக்குவரத்துக்கென்றே அந்தப் படிப்பின் இரண்டாம் பருவத்தில் ஒரு பாடம் இருந்தது. பாடத்தின் பெயர் அவனுக்கு மனப்பாடம். எஸ்.ஓ.பி.யில் அது இல்லை.

இரண்டாவது கோப்புக்கு அதை அவனே எழுதினான். ஆங்கிலத்தில் சில இடங்களில் தடுமாற்றம் இருந்தது. எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினேன், நடையைத் தொடவில்லை. நடையை மெருகேற்றினால் மறுபடி எல்லோருடைய எஸ்.ஓ.பி. போலவும் ஆகிவிடும். இதே பாடங்கள் சென்னையில் எங்கே கிடைக்கின்றன, என்ன செலவு, ஏன் அது போதாது என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். வேலை கொடுத்த நிறுவனம், படித்துவிட்டு வந்தால் எந்தப் பொறுப்பு தருவோம் என்று கடிதம் கொடுத்தது. விசா அதிகாரி தொழில் ஆலோசகர் வேலை பார்க்கக் கூடாது என்று கனடாவின் பெடரல் நீதிமன்றம் சொல்லியிருப்பது உண்மை. இருந்தாலும் கேள்வி வந்துவிட்டால் பதில் சொல்வதுதான் நமக்கு நல்லது.

குடும்பப் பிணைப்பு என்பது தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல். ஸ்கார்பரோவில் அத்தையோ அக்காவோ இல்லாத குடும்பம் குறைவு. அது பலம் என்று நாம் நினைக்கிறோம்: பிள்ளை தனியாக இருக்காது, வீட்டுச் சாப்பாடு கிடைக்கும். அதிகாரிக்கு அதுவே திரும்பிவராமல் இருக்கக் காரணமாகத் தெரிகிறது. உடனே மறைக்கச் சொல்லி யாராவது யோசனை கொடுப்பார்கள். ஒரு பெண்ணின் முதல் கோப்பில், அக்கா கனடாவில் நிரந்தர வசிப்புரிமையோடு இருப்பது குடும்ப விவரப் படிவத்தில் இருந்தது. வேறு யாரோ எழுதிக் கொடுத்த எஸ்.ஓ.பி.யில், கனடாவில் நெருங்கிய உறவு யாரும் இல்லை என்று இருந்தது. இரண்டும் ஒரே கோப்பில்! இரண்டாவது முறை அக்காவைப் பற்றி முதல் பக்கத்திலேயே எழுதினாள். அக்கா எப்போது போனாள், என்ன செய்கிறாள், ஏன் அவள் வீட்டில் தங்கப்போகிறேன், அதனால் எவ்வளவு வாடகை மிச்சம். கூடவே, அப்பா அம்மாவோடு இங்கே இருக்கப்போவது தான்தான் என்பதை அம்மாவின் மருத்துவக் காகிதங்களோடு காட்டினாள். பின்னாளில் குடியேற விருப்பம் இருப்பது மட்டுமே மறுக்கக் காரணம் ஆகாது என்று கனடா குடிவரவுச் சட்டத்தின் 22(2) பிரிவே சொல்கிறது. அனுமதிக் காலம் முடிந்தால் கிளம்புவேன் என்று நம்பவைத்தால் போதும். சத்தியம் செய்கிற வாக்கியங்களை எல்லாம் நீக்கிவிடுவோம். அவை எந்தக் கோப்புக்கும் உதவி நான் பார்த்ததில்லை.

இங்கே நான் கண்டிப்பாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். முதல் கோப்பு எங்கும் போய்விடவில்லை. இரண்டாவதைத் திறப்பவர் திரையில் முதலாவதும் இருக்கிறது. அங்கே அப்பா வியாபாரி, இங்கே விவசாயி என்றால் முடிந்தது கதை. விண்ணப்பப் படிவத்தில், கனடாவோ வேறு எந்த நாடோ உங்களுக்கு எப்போதாவது விசா மறுத்ததுண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இரண்டு நிமிஷ நேர்காணலில் 214(b) மறுப்புக் காகிதம் வாங்கி வந்த பிள்ளைகள், அது வேறு நாட்டு விஷயம் என்று நினைத்து "இல்லை" என்று போட்டுவிடுகிறார்கள். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் கைரேகைத் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. பொய்த் தகவல் என்று கனடா முடிவு செய்தால் குடிவரவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி ஐந்து வருஷம் அந்நாட்டுக்குள் நுழைய முடியாது. மறுப்பு என்பது திரும்ப முயலக்கூடிய நிலை. இந்தத் தடை அப்படி இல்லை. முதல் கோப்பிலேயே அப்படி ஏதாவது நடந்திருந்தால், நான் எதையும் தொடாமல் உரிமம் பெற்ற கனடா வழக்கறிஞரிடம் அனுப்பிவிடுவேன்.

ஒரு மாதத்துக்கு வட்டிக்கு வாங்கி இருப்புக் காட்டும் ஷோ மணிக்கும் என் கையெழுத்து கிடையாது. அதைக் கேட்டு வருகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் செய்கிறார்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியவர்கள். அவர்களை உட்காரவைத்து, உண்மையாக எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போடுவேன். பெரும்பாலும் அவர்கள் நினைத்ததைவிடக் கூடுதலாகத்தான் வரும். பி.எஃப். முன்பணம், முதிர்ந்த பாலிசி, வங்கிக் கல்விக் கடன் எல்லாம் சேர்த்தால் முறையாகவே தொகை நிறையும். நிறையாவிட்டால், இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். கபாலீஸ்வரரையும், விமான நிலையத்துக்கு அருகே இருக்கும் விசா கணபதியையும் வேண்டிக்கொண்டு வந்த ஓர் அம்மாவிடம் அதைச் சொல்வது லேசான வேலை இல்லை. வீட்டை அடமானம் வைத்து அரைகுறைப் பணத்தில் பிள்ளையை அனுப்பி, அவன் அங்கே பனியில் இரவு வேலைக்கு ஓடுவதைவிட, இங்கே ஒரு வருஷம் சம்பாதித்துவிட்டுப் போவது மேல் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மற்ற நாடுகளின் வழி வேறு. பிரிட்டனுக்குத் தொகை 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் போயிற்று. ஜெர்மனியில் மறுப்பை எதிர்த்துத் தூதரகத்துக்கே கட்டணமில்லாமல் முறையிடும் வழி இருந்தது. ராஜா அண்ணாமலைபுரம் போட் கிளப் ரோட்டில் இருக்கும் துணைத் தூதரகத்துக்குக் கடிதம் எழுதினால் மறுபடி பார்ப்பார்கள். 2025 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க அதை நிறுத்திவிட்டார்கள். கனடாவில் மேல்முறையீடு என்று ஒன்றில்லை. மறுப்பு தெரிந்து 60 நாளுக்குள் பெடரல் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கலாம். மாணவர் அனுமதி வழக்குகளுக்கென்று 2024 அக்டோபரில் எளிய நடைமுறை ஒன்றையும் அந்த நீதிமன்றம் சோதனையாகத் தொடங்கியது. முதல் கோப்பில் எல்லாம் சரியாக இருந்து, குறிப்பு மட்டும் அதைக் கண்டுகொள்ளாமல் எழுதப்பட்டிருந்தால் அந்த வழி பொருந்தும். அங்கே புதுக் காகிதம் சேர்க்க முடியாது. அதனால் அதில் எனக்கு வேலையும் இல்லை.

இரண்டாவது கோப்பின் முகப்புக் கடிதம் மறுப்பிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் பிடிவாதம். இன்ன தேதியில், இன்ன எண்ணுள்ள விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அதிகாரிக்கு இந்த மூன்று ஐயங்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் இன்ன பக்கத்தில். ஒன்றரைப் பக்கத்துக்குள் முடிந்துவிட வேண்டும். பிறகு ஸ்கேன் வேலை. இணையதளத்தில் ஓர் ஆவணம் 4 எம்.பி.க்குள் இருக்க வேண்டும். சீட்டு பாஸ்புக்கைக் கைபேசியில் படம் பிடித்துச் சுருக்கினால் எண்கள் கரைந்துவிடும். அதிகாரி கண்ணை இடுக்கிக்கொண்டு தேடப்போவதில்லை. கறுப்பு வெள்ளையில், நேராக, ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டு எடுக்க வேண்டும். தமிழில் இருக்கும் பட்டாவுக்கும் ரசீதுக்கும் மொழிபெயர்ப்பை அடுத்த பக்கத்திலேயே வைக்க வேண்டும். கூடுதல் விளக்கங்கள் எல்லாம் கடைசியில் இருக்கும் ஒரே ஆவண இடத்தில்தான் ஏற்ற வேண்டும். அதனால் அந்த ஒன்றுக்கு உள்ளடக்கப் பக்கம் தனியாகத் தேவை.

அனுப்புவதற்கு முன்னால் இன்னொரு காரியம் பாக்கி. அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். குடும்பத்தைப் பார்த்திராதவள். அதிகாரியின் குறிப்பையும் முழுக் கோப்பையும் அவளிடம் கொடுத்து, நம்பிக்கை வராத பக்கத்தில் நிறுத்தச் சொல்வேன். பாத்திரக்கடைக்காரர் மகன் கோப்பில் சீட்டைத் தாண்டினாள், நிதி வைப்பைத் தாண்டினாள், ஓசூர் சித்தப்பாவின் பிரமாணப் பத்திரத்தில் நின்றுவிட்டாள். வருமான வரிக் கணக்கு மூன்று வருஷத்துக்கு இருந்தது. பணம் அவருடைய பட்டறைக் கணக்கிலிருந்து வந்ததும் தெளிவாக இருந்தது.

"இவருக்கும் காலேஜ்ல ஒரு பொண்ணு இருக்கே சார். அவ ஃபீஸை யார் கட்டுவா?"

சித்தப்பாவுக்கு போன் போட்டோம். மகளின் நாலு வருஷக் கட்டணத்துக்கும் தனியாக ஒரு வைப்பு நிதி போட்டிருப்பதாகச் சொன்னார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றதற்கு, "நீங்க கேக்கலையே ஆடிட்டர் சார்" என்றார். அந்த வைப்பு ரசீதும், அண்ணன் மகன் படிப்புக்குத் தான் ஏன் கொடுக்கிறேன் என்று அவர் கைப்பட எழுதிய தமிழ்க் கடிதமும் மறுநாள் கூரியரில் வந்தன. பட்டறை தொடங்க அண்ணிதான் 2009-இல் வளையலை அடகு வைத்துப் பணம் கொடுத்தாராம். மொழிபெயர்ப்போடு அவற்றைப் பிரமாணப் பத்திரத்துக்குப் பின்னால் சேர்த்து, பக்க எண்களை மாற்றி, அன்று மாலையே ஏற்றினோம்.